மொழி பயிலும் வழிகள்

ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் பாதை ஒன்றன்று. வேலூரிலிருந்து புறப்படுவோர் அமிர்திக் காட்டின் வழியே மலையேறுவர். போளூரிலிருந்து வருவோர்க்கு ஒரு பாதையுண்டு. ஆலங்காயத்திலிருந்து வருவோர்க்கு வேறொரு பாதையுண்டு. சேரும் ஊர் ஒன்றே. புறப்படும் இடத்திற்கேற்ப வழி வேறுபடுகின்றது. பிறமொழி பயில்வதும் இத்தகையதே. ஒரு வழியில் முயன்று தளர்ந்த மாணவர் சிலர், 'எனக்கு இம்மொழி வாராது' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அது தவறு. தமிழ் கற்ற அயல்நாட்டார் மூவர் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

ஜெர்மனி நாட்டவராகிய சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் தமிழ்ச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பின்னர், ஏட்டுச் சுவடிகளைப் பிறர் படிக்கக் கேட்டும், சொற்களைத் தொகுத்து வைத்தும் தம் அறிவை வளர்த்துக்கொண்டார்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், இலக்கண இலக்கியங்களை ஆழ்ந்து கற்று, கற்றவற்றைக் கொண்டு தாமே நூல்கள் இயற்றினார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும், சதுரகராதியும், தேம்பாவணி என்னும் காப்பியமும் அவருடைய பயிற்சியின் கனிகளாகும்.

1839-இல் தமிழகம் வந்த ஜி. யு. போப் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-லும், திருவாசக மொழிபெயர்ப்பு 1900-லும் வெளிவந்தன. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் எடைபோட்டு அறிந்தாலன்றி மொழிபெயர்ப்புக் கைகூடாது. ஆதலின், அதுவும் சிறந்ததொரு பயிற்சியேயாகும்.

மாணவர்களே! உங்களுக்கு ஏற்ற வழியை எங்ஙனம் அறிவது? ஒரு வாரம் இருபது சொற்களை உரக்கப் படித்துப் பயிலுங்கள். மறுவாரம் வேறு இருபது சொற்களை வாக்கியங்களில் அமைத்து எழுதுங்கள். மூன்றாம் வாரம் இன்னும் இருபது சொற்களை நண்பரோடு பேசிப் பழகுங்கள். ஒவ்வொன்றும் முடிந்து நான்கு நாள் கழிந்தபின், நூலை மூடிவைத்து, நினைவில் நின்ற சொற்களை எழுதிப் பாருங்கள். எவ்வழியில் மிகுதியாக நின்றனவோ, அவ்வழியை முதன்மையாகக் கொள்ளுங்கள்.

ஆயினும், எளிதாகத் தோன்றும் வழியெல்லாம் பயன்தரும் என்று எண்ணலாகாது. பன்முறை படிப்பது எளிது. நூலைப் பாராமல் நினைவுகூர்வது அரிது. அவ்வரிய செயலே பாடத்தை மனத்தில் பதிக்கும். ஒரே நாளில் நெடுநேரம் படிப்பதினும், பல நாள்களில் சிறிது சிறிதாகப் படிப்பதே நிலைக்கும். இவ்விரண்டும் எல்லார்க்கும் பொதுவென்பது உளநூலார் ஆய்ந்து கண்ட உண்மையாகும்.

மேற்கூறிய மூவரும் கற்ற வழிகள் வேறு. இடையறாத உழைப்போ மூவர்க்கும் ஒன்றே. வழியைத் தேர்ந்துகொள்வது அறிவு. அவ்வழியே நாள்தோறும் நடப்பது கடமை.