ஜப்பானியச் சித்திரப் படங்களில் இயந்திரமும் இதயமும்

சித்திரப் படம் என்றவுடன், பூனையை எலி ஏமாற்றும் வேடிக்கைக் காட்சியே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். அது சிறுவர் பொழுதுபோக்கு. கற்றோர் கருதத்தக்க பொருள் அன்று என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயின், ஜப்பான் நாட்டில் 1963 முதல் இக்கலை பெரியதொரு பொறுப்பையும் ஏற்று நடந்து வந்துள்ளது. விஞ்ஞானம் மனிதனுக்கு ஆற்றலைக் கொடுத்தது; அந்த ஆற்றலுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவை வீட்டுக் கூடத்திலேயே, குழந்தைகளும் விளங்கிக் கொள்ளும் மொழியில், அந்நாட்டுச் சித்திரப் படங்கள் ஓயாது கேட்டு வருகின்றன.

இவ்வினா அங்கே எழுந்ததற்குக் காரணம் உண்டு. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9-ஆம் நாள் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. அதே நாடு, விஞ்ஞானத்தின் துணைகொண்டே தன் தொழிலையும் வாழ்வையும் மீண்டும் கட்டியெழுப்பியது. அழித்ததும் அறிவு; ஆக்கியதும் அறிவு. இவ்விரண்டையும் ஒரே தலைமுறையில் கண்ட மக்களின் மனநிலையை உணர்ந்தாலன்றி, அவர்களது விஞ்ஞானப் புனைகதைகளின் உட்பொருள் விளங்காது.

பழைய வேர்

கருவிக்கும் ஒருவகை உயிர்ப்பு உண்டு என்னும் எண்ணம் ஜப்பானியர்க்குப் புதியதன்று. நூறாண்டு பயன்பட்ட பாத்திரமும் குடையும் ஆவி பெற்று எழும் என்று அவர்களது பழங்கதைகள் கூறும். ஒடிந்த தையல் ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் குத்திவைத்து நன்றி செலுத்தும் சடங்கு இன்றும் கோயில்களில் நடைபெறுகிறது. விசைப் பொறியால் இயங்கி, விருந்தினர்க்குத் தேநீர் ஏந்திச் செல்லும் பொம்மைகளைச் செய்யும் முறையை விளக்கும் நூல் 1796-ஆம் ஆண்டிலேயே அங்கு வெளிவந்தது.

‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகம். அதில் செயற்கை மனிதர்கள் தம்மைப் படைத்தோரை எதிர்த்தெழுந்து அழிக்கின்றனர். படைத்தவனைப் படைப்பு கொல்லும் என்னும் அச்சம் மேலைநாட்டுக் கதைகள் பலவற்றில் தொடர்ந்தது. ஜப்பானில் தோன்றிய புகழ்பெற்ற முதல் இயந்திரச் சிறுவனின் கதையிலோ, படைத்தவனே தன் படைப்பைக் கைவிடுகிறான்.

கைவிடப்பட்ட பிள்ளை

அந்தச் சிறுவனின் பெயர் அத்தோமு. அணு என்பது அதன் பொருள். ஆங்கிலம் வழியாக அவனை அறிந்தோர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்பர். அவனைப் படைத்த ஒசாமு தெசுகா 1928-இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று பட்டமும் பெற்றவர். மாணவப் பருவத்தில் ஒசாக்காவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்கால வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தபோது, 1945-இல் அந்நகர்மீது பொழிந்த குண்டுமாரியிலிருந்து உயிர் தப்பினார். போர் முடிந்தபின் மங்கா எனப்படும் சித்திரக்கதைகளை வெளியிடத் தொடங்கினார். 1951-இல் ஒரு சிறுவர் இதழில் துணைப்பாத்திரமாகத் தோன்றிய அத்தோமு, 1952-இல் தனிக்கதையின் தலைவன் ஆனான்.

கதையின் தொடக்கமே துயரமானது. தென்மா என்னும் விஞ்ஞானி, சாலை விபத்தில் தன் ஒரே மகனை இழக்கிறார். துயரம் தாளாது, மகனின் உருவிலேயே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். 1,00,000 குதிரைத் திறனும் வானில் பறக்கும் ஆற்றலும் அவனுக்கு உண்டு. ஆனால் அவன் வளரவில்லை. இயந்திரம் எங்ஙனம் வளரும்? ஆண்டுகள் செல்லச்செல்ல, இவன் தன் மகன் அல்லன் என்னும் உண்மை தென்மாவைச் சுடுகிறது. சினங்கொண்டு அவனைச் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். பின்னர் ஒச்சானோமிசு என்னும் நல்லாசிரியர் அவனை மீட்டு, பள்ளிக்கு அனுப்பி வளர்க்கிறார்.

இதில் குற்றவாளி யார்? இயந்திரம் ஒரு பிழையும் செய்யவில்லை. தன் துயரத்தை ஆற்றிக்கொள்ள ஓர் உயிரை உண்டாக்கி, அது தன் விருப்பத்துக்கு இணங்காதபோது எறிந்துவிட்ட மனிதனே குற்றவாளி. மனிதர்க்குப் பணிசெய்யும் இயந்திர மனிதர்கள் இழிவாக நடத்தப்படுவதையும், அவர்களுக்காக அத்தோமு போராடுவதையும் கதை திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அத்தோமுவை விஞ்ஞானத்தின் வெற்றிமுரசு எனப் பலர் கொண்டாடியது தம் கருத்தை மாற்றிப் பொருள்கொள்வதாகும் என்று தெசுகா பிற்காலத்தில் வருந்தினார்.

அத்தோமு அணுவாற்றலால் இயங்குபவன். அவன் தங்கையின் பெயர் உரான், அதாவது யுரேனியம். ஜப்பானில் முதன்முதலாக அணு உலையிலிருந்து மின்சாரம் பெறப்பட்டது 1963 அக்டோபரில். அத்தோமு தொலைக்காட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அணுகுண்டின் புண் ஆறுமுன், அதே அணுவை ஒரு நல்ல பிள்ளையாகக் காண விழைந்த நம்பிக்கை அது. 2011-இல் புக்குஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபின், அந்த நம்பிக்கையை ஜப்பானியர் பலர் ஐயத்துடன் திரும்பிப் பார்த்தனர்.

ஏழைமை வளர்த்த கலை

1963 சனவரி 1-ஆம் நாள் தொடங்கிய அத்தோமு தொடர், 1966 இறுதிவரை 193 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. வாரந்தோறும் அரைமணிப் பகுதி ஒன்றை வரைந்து முடித்தல் எளிதோ? திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படமெடுத்தாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். 25 நிமிடத்துக்கு 18,000 ஆகும். தெசுகாவின் சிறு நிலையத்தால் இது இயலாது. ஆகவே, ஒரே சித்திரத்தை நீண்ட நேரம் நிறுத்தினர். பேசும்போது வாயை மட்டும் அசைத்தனர். முன்னர் வரைந்த பறக்கும் காட்சிகளைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தினர்.

அசைவு குறைந்தது, அதனை ஈடுசெய்யக் கதையும் முகபாவமும் ஆழம்பெற வேண்டியதாயிற்று. ஜப்பானியச் சித்திரப் படங்களுக்குரிய நடை இவ்வறுமையிலிருந்து பிறந்தது எனலாம். வருவாய்க் குறைவை மிட்டாய், பொம்மை விற்பனையால் நிரப்பினர். பின்வந்த தொடர்களில் பேருருவ இயந்திர மனிதர்கள் பெருகியதற்கு விளையாட்டுப் பொருள் வாணிகமும் ஒரு காரணம் என்பதை மறைத்தல் ஆகாது. வாணிகம் அமைத்த மேடையிலேயே சில கலைஞர் வாழ்க்கை வினாக்களை எழுப்பினர் என்பதே இதன் சிறப்பு.

விசை யார் கையில்?

மிட்சுதேரு யொக்கோயாமா 1956-இல் எழுதத் தொடங்கி, 1963-இல் தொலைக்காட்சித் தொடரான ‘தெத்சுஜின் 28’, ஓர் இரும்புப் பேருருவின் கதை. போர்க்காலத்தில் படைக்கலமாகத் திட்டமிடப்பட்ட அவ்வுருவம், போருக்குப் பின் ஒரு சிறுவன் கைக்கு வருகிறது. அதற்குச் சொந்த அறிவு கிடையாது. இயக்கும் பெட்டி சிறுவன் கையிலிருந்தால் ஊரைக் காக்கும். கள்வன் கைக்குப் போனால் அதே உருவம் ஊரை இடிக்கும். கருவிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பிடித்த கையின் குணமே அதன் குணம் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சிறுவர்க்குச் சொல்லுதல் அரிது. 1972-இல் கோ நாகாய் படைத்த ‘மசிங்கர்’ தொடரில் சிறுவன் இயந்திரத்தின் தலைக்குள்ளேயே அமர்ந்து அதனை ஓட்டினான். இயந்திரம் மனிதனின் இரண்டாம் உடல் ஆயிற்று. பொறுப்பும் நெருங்கி வந்தது.

மூழ்கிய கப்பல்

ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பலான யமாட்டோ 1945 ஏப்ரல் 7-ஆம் நாள் அமெரிக்க விமானங்களால் தாக்குண்டு, ஏறத்தாழ 3,000 பேருடன் மூழ்கியது. 1974-இல் தோன்றிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்னும் தொடர், அக்கப்பலை 2199-ஆம் ஆண்டில் விண்கலமாக எழுப்பியது. வேற்றுக்கோளார் வீசிய குண்டுகளின் கதிரியக்கத்தால் நிலவுலகம் மடியும் தறுவாயில் உள்ளது. 1,48,000 ஒளியாண்டு தொலைவுக்குச் சென்று, கதிரியக்கத்தைத் துடைக்கும் கருவியை ஓராண்டுக்குள் கொணர வேண்டும். போருக்கென்று கட்டிய கப்பலுக்கு மருந்து கொண்டுவரும் பணி!

பழைய படைப்பெருமையை இது மீண்டும் தூண்டுவதாகக் குறைகூறியோர் இருந்தனர். 1978-இல் வந்த அதன் திரைப்படத்தில் நாயகன் கப்பலோடு பகைவனை நோக்கிச் சென்று மாய்வது அக்குறைக்கு வலுவூட்டிற்று. ஆயினும் முதல் தொடரில், பகைவனின் கோள் முழுவதும் பாழானதைக் கண்ட நாயகன் வெற்றி முழக்கம் இடவில்லை. போரிட்டிருக்கக் கூடாது, அன்பு செய்திருக்க வேண்டும் என்று கலங்குகிறான். தோற்ற நாடு, வென்றவனின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்த காட்சி அது.

பகைவனுக்கும் முகம் உண்டு

யொஷியுக்கி தொமினோ இயக்கிய ‘கண்டம்’ தொடர் 1979 ஏப்ரல் 7-ஆம் நாள் தொடங்கியது. மக்கள்தொகை பெருகிய காலத்தில், மனிதர் விண்வெளியில் குடியிருப்புகள் அமைத்து வாழ்கின்றனர். அவற்றுள் ஒன்று தன்னுரிமை கோரி நிலவுலக அரசுமீது போர் தொடுக்கிறது. தொடக்கத்திலேயே மனித குலத்தில் பாதி அழிகிறது. இங்கே வேற்றுக்கோள் அரக்கர் எவரும் இல்லை. இருபுறமும் மனிதரே. பகைவர் பக்கத்திலும் நண்பர்க்காக அழுவோர் உளர். இப்பக்கத்திலும் தன்னலத் தலைவர் உளர்.

இயந்திரத்தை ஓட்டும் அமுரோ பதினைந்து வயதுச் சிறுவன். ஒரு பகுதியில், பிரிந்திருந்த தாயைக் காணச் செல்கிறான். அங்கே தன்னைத் தேடிவந்த பகைப்படை வீரனைச் சுடுகிறான். அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்குமே என்று தாய் பதறுகிறாள். சுடாவிடில் தான் இறந்திருப்பதை எண்ணி மகன் திகைக்கிறான். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இறுதியில் அவன் தாய்க்குப் படைவீரன் முறையில் வணக்கம் செலுத்திப் பிரிகிறான். போர் ஒரு வீட்டிலிருந்து எதனைக் கவர்ந்து செல்கிறது என்பதை நீண்ட சொற்பொழிவும் இவ்வளவு உணர்த்துமா என்பது ஐயமே.

முதலில் இத்தொடரைக் காண்போர் குறைவாக இருந்தமையால், 52 பகுதிகளாகத் திட்டமிட்டது 43 பகுதிகளோடு 1980 சனவரியில் முடிக்கப்பட்டது. மறு ஒளிபரப்புகளும், 1981, 1982-ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களுமே அதன் பெருமையை நாடறியச் செய்தன.

மண்ணும் உயிரும்

போருக்கு அடுத்தபடியாகத் தொழிற்சாலை நஞ்சு ஜப்பானை வாட்டியது. மினாமட்டா விரிகுடாவில் கலந்த பாதரசக் கழிவால் நேர்ந்த கொடுநோய் 1956-இல் வெளிப்பட்டது. அவ்விரிகுடாவின் செய்தி தம் சிந்தனையைத் தூண்டியதாக ஹயாவோ மியாசாகி கூறியுள்ளார். அவர் 1984-இல் இயக்கிய ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிக்கா’ என்னும் படத்தில், பெரும்போர் ஒன்று உலகை எரித்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. நச்சுக் காடு பரவுகிறது. மக்கள் அதனை எரிக்க முனைகின்றனர். இளவரசி நவுசிக்கா அச்செடிகளைத் தூயநீர் ஊற்றி வளர்த்துப் பார்த்து, அவை நஞ்சற்றவை எனக் கண்டறிகிறாள். நஞ்சு மண்ணில் உள்ளது; காடு அதனை உறிஞ்சித் தூய்மை செய்கிறது! மனிதன் பகையென்று எண்ணியது அவனுடைய பிழையைத் துடைக்கும் மருந்தாக இருந்தது. வாளேந்திய வீரத்தைவிட, பொறுமையோடு செய்த சோதனையே அங்கு உண்மையைக் கண்டது. விஞ்ஞானம் என்பதன் மெய்ப்பொருளும் அதுவே அன்றோ?

உயிர் என்பது யாது?

1995-இல் மமோரு ஒஷி இயக்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’ 2029-ஆம் ஆண்டில் நிகழும் கதை. அதன் தலைவிக்கு உடல் முழுதும் இயந்திரம். தன் நினைவுகள் தன்னுடையவைதாமா என்று அவள் ஐயுறுகிறாள். அங்கே, கணினி வலையில் உருவான ஓர் அறிவு, தானும் ஓர் உயிரே என்று கூறி அரசிடம் அடைக்கலம் கேட்கிறது. மனித உயிரும் மரபணு என்னும் செய்தித் தொகுப்பால் ஆயதே என்பது அதன் வாதம். மகனாக ஏற்கப்படாத அத்தோமுவின் குரல், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் ஒலித்தது எனலாம்.

இவ்வினா இன்று கதையின் எல்லையைக் கடந்துவிட்டது. 2015 முதல் ஜப்பானின் சிபா மாவட்டத்தில் ஒரு புத்தர் கோயிலில், பழுதுபார்க்க இயலாத இயந்திர நாய்களுக்கு இறுதிச் சடங்கு செய்துள்ளனர். கேட்டால் விடை சொல்லும் கணினிகள் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. அவற்றுக்கு உயிருண்டா என்பது அறிஞர் வாதிடற்குரியது. அவற்றைச் செய்தவர் யார், என்ன நோக்கத்துடன் செய்தனர், தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பேற்பர் என்பவை ஒவ்வொரு மாணவனும் கேட்க வேண்டிய வினாக்கள்.

பிள்ளைகள் இப்படங்களை வீட்டில் விரும்பிப் பார்க்கின்றனர். ஆசிரியர் அவற்றை விலக்க வேண்டுவதில்லை. தென்மா செய்தது சரியா, அமுரோவின் தாய் சொன்னது சரியா என்று வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பொம்மைப் படம் என்று ஒதுக்கப்பட்டதன்மேல் பிள்ளைகள் தம் சொந்தத் தமிழில் வாதிடத் தொடங்குவர். கட்டுரைப் பாடத்துக்கு அதனினும் நல்ல தொடக்கம் வேறு வேண்டுமோ?