உளவியல் வழிகாட்டியா, வளநூலா? மருத்துவ பீடம் நோக்கிப் படிப்பவர்கள் காசு கொடுக்கும் முன்

இலங்கையில் அரச மருத்துவ பீடங்களுக்கெனத் தனியான நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் பெறும் இசட் புள்ளியே வாயில். உளவியல் அந்த மூன்றில் ஒன்றல்ல. நரம்புத் தொகுதி, புலனங்கங்கள், ஓமோன்கள் ஆகியவை உயிரியலில் வருகின்றன. அவையும் உடற்றொழிலியலாகவே கேட்கப்படுகின்றன. மனித நடத்தை, மனநோய் பற்றிய கற்கை, மாணவர் மருத்துவ பீடத்துக்குள் போன பிறகுதான் தொடங்குகிறது.

அப்படியிருந்தும் “மருத்துவ நுழைவுத் தேர்வு” என்று இணையத்தில் தேடும் மாணவரின் கைக்கு உளவியல் வழிகாட்டி நூல்கள் வந்து சேர்கின்றன. அவை அமெரிக்க, கனேடிய மருத்துவப் பள்ளிகளுக்கான எம்கேட் தேர்வுக்கு உரியவை. அந்தத் தேர்வில் 2015இல் உளவியலும் சமூகவியலும் சேர்ந்த புதிய பகுதி ஒன்று இணைக்கப்பட்டது: 95 நிமிடங்களில் 59 வினாக்கள், ஏறத்தாழ 65 வீதம் உளவியல், 30 வீதம் சமூகவியல், மீதி உயிரியல். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் எந்தெந்தக் கருத்துகளிலிருந்து வினா வரும் என்ற பட்டியலை இலவசமாகவே வெளியிடுகிறது. கான் அகாடமியிலும் இப்பகுதிக்கான காணொளிப் பாடங்கள் இலவசம். விலை கொடுத்து வாங்கும் நூல்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலையே விரித்து எழுதியவை. ஆகவே பட்டியலை முதலில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, அதில் இலவசப் பாடங்களில் கிடைக்காததற்கு மட்டும் நூல் தேடுவதே சிக்கனம். கனடாவில் உள்ள தமிழ் மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் எம்கேட்டின் வாசிப்புத் திறன் பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கப் போகும் பள்ளி உளவியல் பகுதியைப் பார்க்கிறதா என்று தெரியாமல் அதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

மாத்தளை மாவட்டத்தின் நாலந்தாவில் இருந்து உயர்தரம் எழுதும் மாணவருக்கு அந்த எம்கேட் நூல்களால் ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை. அவருடைய சிக்கல் வேறு. ஏ9 வீதியில் மாத்தளை நகருக்கும் தம்புள்ளைக்கும் இடையில் இருக்கும் ஊர் அது. மாத்தளை நகர் இருபது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளும் பெயர்பெற்ற ரியூசன் வகுப்புகளும் நகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை மலையகப் பகுதிகளில் நெடுங்காலமாகத் தீராத குறை. வகுப்பில் ஆசிரியர் இல்லாத இடத்தில் அச்சிட்ட தாளே ஆசிரியராகிவிடுகிறது. அந்தத் தாள் பிழையானால் திருத்த ஆளில்லை.

போட்டியின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகைப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. மாத்தளை இல்லை. இசட் புள்ளியின் நான்காம் தசமத்தில் கூட இடம் கைமாறும் போட்டியில், தவறான தாளை நம்பிப் படித்த ஒரு தவணையின் விலை மிகப் பெரிது. பல்கலைக்கழக அனுமதிக்காகப் பரீட்சை எழுத மூன்று தடவைகள்தான் வாய்ப்பு.

இலவசப் பாடநூல் தரம் 11 உடன் முடிகிறது. உயர்தரத்துக்கு அரசு பாடநூல் கொடுப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் டியூட் எனப்படும் ரியூசன் குறிப்புத் தாள்களின் வியாபாரம் வளர்ந்தது. ஆனால் அரசு வேறு மூன்று ஆவணங்களைத் தருகிறது, அவற்றை முழுமையாகக் கையில் வைத்திருக்கும் மாணவர் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. முதலாவது, மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும். எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை, எந்தக் கற்றற்பேறு எதிர்பார்க்கப்படுகிறது என்பது அதில் இருக்கிறது. பரீட்சை வினா அந்தக் கற்றற்பேறுகளைத் தாண்டுவதில்லை. இரண்டாவது, அதே நிறுவகத்தின் வளநூல்கள். உயிரியலில் இவை அலகு வாரியாக வந்திருக்கின்றன, நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் தரவிறக்கலாம். மூன்றாவது, பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளி வழங்கும் திட்டமும். அமைப்புக் கட்டுரை வினாவில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எது இல்லாவிட்டால் புள்ளி போகும் என்பதைக் காட்டுவது கடைசியில் சொன்னதுதான். டியூட் எழுதுபவர்களும் அதைப் பார்த்தே எழுதுகிறார்கள்.

வினாத்தாள் தொகுப்பு வாங்கும்போது ஆண்டைப் பார்ப்பது அவசியம். உயர்தரப் பாடத்திட்டம் 2017இல் மாற்றப்பட்டு, அதன்படி முதற் பரீட்சை 2019இல் நடந்தது. அதற்கு முந்தைய வினாக்கள் பயிற்சிக்கு உதவலாம்; ஆனால் நீக்கப்பட்ட பகுதிகள் அவற்றில் கலந்திருக்கும். “முப்பது வருட வினாக்கள்” என்று அட்டையில் போட்ட தொகுப்பில், எவை தற்போதைய பாடத்திட்டத்துக்கு உரியவை என்று குறிக்கப்படாவிட்டால் அதன் தடிமன் வெறும் தடிமன்தான். அண்ணனோ அக்காவோ படித்த பழைய டியூட்டுக்கும் இதே சோதனை பொருந்தும்.

தமிழ்நாட்டு நூல்கள் தனியே கவனிக்க வேண்டியவை. தமிழ்நாடு அரசின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் இணையத்தில் இலவசம், அச்சும் படமும் நேர்த்தி. தமிழில் இருப்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சிக்கல் கலைச்சொல்லில். இலங்கை மாணவர் கலம், நொதியம், ஒளித்தொகுப்பு, ஒட்சிசன் என்று எழுதுவதை அந்த நூல்கள் செல், நொதி, ஒளிச்சேர்க்கை, ஆக்சிஜன் என்கின்றன. புரிந்துகொள்ளப் படிக்கலாம், விடையை வளநூலின் சொல்லில்தான் எழுத வேண்டும். இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்குரிய பயிற்சி நூல்கள் இன்னும் விலகியவை. அங்கே நான்கு தெரிவுகள், தவறான விடைக்கு ஒரு புள்ளி கழியும். இங்கே உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள், கழித்தல் கிடையாது. விடை தெரியாத வினாவை விட்டுவிடும் நீட் பழக்கம் உயர்தரத்தில் நட்டம்.

அடுத்த ஆபத்து “இந்த வருடம் கட்டாயம் வரும்” என்ற எதிர்பார்ப்பு வினாத்தாள். அனுபவமுள்ள ஆசிரியர் ஊகிப்பதில் குற்றமில்லை. அந்த ஊகம் உறுதிமொழியாக விற்கப்படும்போதுதான் ஏமாற்று ஆரம்பமாகிறது. கசிந்த வினாத்தாள் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருவது அதைவிட மோசம். பொய்யானால் பணம் போகும், மெய்யானால் வழக்கு வரும். 2024 ஜனவரியில் நடந்த உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்ததால் அது இரத்துச் செய்யப்பட்டது. எந்தத் தவறும் செய்யாத மாணவர்களும் மீண்டும் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன் திணைக்களம் அறிவிக்கும் நாளிலிருந்து ரியூசன் வகுப்புகளும் கருத்தரங்குகளும் மாதிரி வினாத்தாள் விநியோகமும் தடைசெய்யப்படுகின்றன. அந்த நாளுக்குப் பின் “இறுதி செமினார்” என்று காசு கேட்பவர் மாணவரையும் சட்டமீறலில் இழுத்துவிடுகிறார்.

போட்டோப்பிரதியிலும் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் படிப்புக்காக ஒரு பகுதியைப் பிரதியெடுக்க இடம் தருகிறது. முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ பிரதியெடுப்பது அந்தச் சலுகைக்குள் வராது. வளநூல் இலவசமாகக் கிடைக்கும்போது, அதையே பிரதியெடுத்து அட்டை போட்டு விற்பவரிடம் வாங்கத் தேவையுமில்லை.

இனி பரிகாரம். நூல் விற்பவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை விதிக்கிறது. “புதிய பாடத்திட்டம்” என்று அட்டையில் போட்டு உள்ளே பழையதை விற்பது அதே சட்டம் தடைசெய்யும் பொய்யான விவரிப்பு. வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. பரீட்சை மோசடி, தடைக்காலத்தில் வகுப்பு ஆகியவற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் 1911, அல்லது பொலிஸ் 119.

பாடசாலையில் வளநூல் இல்லை, தமிழ்மொழி மூல உயிரியல் ஆசிரியர் இல்லை என்றால் அது விற்பவரின் குற்றமல்ல, நிர்வாகத்தின் பொறுப்பு. தமிழில் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தருகிறது. பெற்றோரில் ஒருவர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை, இப்போது எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அங்குள்ள தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். வாய்முறைப்பாட்டுக்குக் கிடைக்காத பதில் இந்தக் கடிதத்துக்குக் கிடைப்பதுண்டு. தமிழிலேயே எழுதுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.