புற்றுநோய்க்கு ஆட்படும் வாய்ப்பை உணர்த்தும் உயிரியல் குறிப்பான்கள்: பிஆர்சிஏ மரபணுக்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய் இருப்பதை உணர்த்தும் குறிப்பான்களும், அது வருவதற்கான வாய்ப்பு ஒருவருக்கு மிகுதி என்பதை உணர்த்தும் குறிப்பான்களும் வேறுவேறானவை. பின்னவை தருவது நிகழ்தகவு சார்ந்த செய்தி. சோதிக்கப்பட்டவரின் குடும்ப வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போதுதான் அதன் பொருள் தெளிவாகும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. சோதனை முடிவுகளைத் தமிழில் எடுத்துரைக்கும் முறை குறித்தும் ஒரு கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உயிரியல் குறிப்பான், மரபணுச் சோதனை, மார்பகப் புற்றுநோய், நிகழ்தகவு, கலைச்சொல்.

முன்னுரை

உடலின் ஒரு நிலையை அளந்தறியத் துணைசெய்யும் பொருளோ பண்போ உயிரியல் குறிப்பான் எனப்படும். நீரிழிவுக்கு இரத்தச் சர்க்கரை அளவு குறிப்பானாவது போலப் புற்றுநோய்க்கும் பல குறிப்பான்கள் உள்ளன. ஆனால் அவை யாவும் ஒரே வினாவுக்கு விடை தருவன அல்ல. இரத்தத்தில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ., சிஏ-125 போன்ற புரதங்கள் 'இப்போது நோய் இருக்கக்கூடுமா?' என்னும் வினாவுக்கு உரியவை. 'நோயற்ற இவருக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதியா?' என்பது வேறொரு வினா. இக்கட்டுரை இரண்டாம் வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இவ்வினாவுக்கு உரிய குறிப்பான்களுள் சில வாழ்நாளில் வந்து சேர்பவை. மனிதப் பாப்பிலோமா வைரசின் 16, 18 ஆகிய வகைகள் உடலில் நீங்காது தங்கியிருப்பது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும், ஹெபடைடிஸ்-பி வைரஸ் தங்கியிருப்பது கல்லீரல் புற்றுநோய்க்கும் வாய்ப்பை உயர்த்துகின்றன. வேறு சில பிறப்பிலேயே வருபவை. பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் லிஞ்ச் நோய்க்குறித் தொகுதியின் மரபணுக்களும், மார்பகம், சூலகம் ஆகியவற்றின் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களும் இவ்வகையின.

பிஆர்சிஏ மரபணுக்களின் பணி

மேரி-கிளேர் கிங் தலைமையிலான குழு 1990ஆம் ஆண்டில் 23 குடும்பங்களை ஆராய்ந்து, இளம் வயதில் தோன்றும் மார்பகப் புற்றுநோய்க்கும் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் தொடர்புண்டு என்று காட்டியது. அப்பகுதியிலிருந்து பிஆர்சிஏ1 மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2 அதற்கடுத்த ஆண்டில் இனங்காணப்பட்டது.

இம்மரபணுக்கள் புற்றுநோயை உண்டாக்குவதற்காக அமைந்தவை அல்ல. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒருசேர அறுபடும்போது, அறுபடாத மற்றொரு படியைப் பார்த்துப் பிழையின்றிச் செப்பனிடும் பணியில் இவற்றின் புரதங்கள் பங்கு கொள்கின்றன. ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் உள்ளன. ஒன்று பழுதுற்ற நிலையில் பிறந்தவரின் உயிரணுக்கள் மற்றதைக் கொண்டு பணியாற்றுகின்றன. ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாம் படியும் கெடுமாயின், செப்பனிடும் ஆற்றல் குன்றிப் பிழைகள் பெருகுகின்றன. விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்த 'இரு தாக்குதல்' கருதுகோள் இதனை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மரபுவழியாக வருவது நோயன்று. இரு தாக்குதல்களுள் முதலாவது மட்டுமே.

எண்கள் உணர்த்துவது

இம்மாற்றமுடைய ஏறத்தாழ 10,000 பெண்களைத் தொடர்ந்து நோக்கி 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 மாற்றமுடையோர்க்கு 72 விழுக்காடு. பிஆர்சிஏ2 மாற்றமுடையோர்க்கு 69 விழுக்காடு. சூலகப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 விழுக்காடு. ஒப்பீட்டுக்கு, அமெரிக்கப் பெண்களுள் பொதுவாக எட்டில் ஒருவருக்கே வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது.

நடிகை ஆஞ்சலினா ஜோலி 2013இல் தம் பிஆர்சிஏ1 மாற்றத்தை அறிவித்தபோது, மருத்துவர்கள் தமக்குக் கணித்த வாய்ப்பு 87 விழுக்காடு என்று எழுதினார். ஒரே மரபணுவுக்கு எண் மாறுபடுவது எதனால்? தொடக்ககால ஆய்வுகள் நோயுற்றோர் பலரைக் கொண்ட குடும்பங்களையே தேடி எடுத்துக்கொண்டன. அத்தகைய குடும்பங்களில் வாய்ப்பைக் கூட்டும் பிற மரபணுக்களும் சூழல்களும் இருக்கக்கூடும். எனவே யாரிடமிருந்து பெறப்பட்ட எண் என்பதை அறியாமல் அதனை மற்றொருவர்க்குப் பொருத்துதல் பொருந்தாது. 2017ஆம் ஆண்டு ஆய்வும் பெரிதும் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளைச் சார்ந்தது என்பதை இந்திய வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

யாரை முதலில் சோதிப்பது?

மார்பகப் புற்றுநோய்களுள் 5 முதல் 10 விழுக்காடு வரையே மரபுவழிப்பட்டவை எனக் கருதப்படுகிறது. ஆகவே இச்சோதனை அனைவர்க்கும் உரியதன்று. இளம் வயதில் நோயுற்றோர், சூலகப் புற்றுநோய் கண்டோர், மார்பகப் புற்றுநோய் கண்ட ஆண்கள் ஆகியோர் உள்ள குடும்பங்களுக்கே முதலிடம். அக்குடும்பத்திலும் இயன்றவரை நோயுற்றவரையே முதலில் சோதித்தல் வேண்டும். அவரிடம் மாற்றம் கண்டறியப்பட்ட பின், அதே மாற்றம் அவர்தம் தங்கையிடம் இல்லையெனில், குடும்பவழி வந்த அந்தக் கூடுதல் வாய்ப்பு தங்கைக்கு இல்லை என்று உறுதிகூறலாம். நோயுற்றவரைச் சோதிக்காமல் தங்கையை மட்டும் சோதித்து 'இல்லை' என்று பெறும் முடிவு அத்தகைய உறுதியைத் தருவதில்லை. குடும்ப நோய்க்குக் காரணம், சோதிக்கப்படாத வேறொரு மரபணுவாகவும் இருக்கலாம்.

தாய்வழி உறவினரை மட்டும் விசாரிப்பதும் பிழையாகும். தந்தையிடம் உள்ள மாற்றமும் ஒவ்வொரு மகளுக்கும் மகனுக்கும் 50 விழுக்காடு வாய்ப்புடன் கடத்தப்படுகிறது. அத்தைமாரின் நோய் வரலாறு சின்னம்மா, பெரியம்மாவின் வரலாற்றுக்கு நிகரான மதிப்புடையது.

முடிவைத் தமிழில் கூறல்

சோதனை முடிவுகளை 'நேர்மறை', 'எதிர்மறை' என மொழிபெயர்க்கும் வழக்கம் உள்ளது. பொதுவழக்கில் நேர்மறை நன்மையையும் எதிர்மறை தீமையையும் சுட்டுவதால், அச்சொற்கள் இங்குப் பொருளைத் தலைகீழாக்கும். மேலும், முடிவுகள் இரண்டல்ல, மூன்று. நன்மையா தீமையா எனத் துணிய இயலாத மாற்றங்களும் உள்ளன. ஒப்பீட்டுத் தரவுகள் பெரிதும் ஐரோப்பிய வழியினரிடமிருந்து திரட்டப்பட்டவை ஆதலின், இந்தியர்களிடம் இவ்வகை முடிவு கூடுதலாகக் கிட்டுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை பின்னர்த் தீங்கற்றவை என மறுவகைப்படுத்தப்படுகின்றன. இம்முடிவை மட்டும் கொண்டு மார்பகத்தையோ சூலகத்தையோ அகற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு அவ்விழப்பு மீளாதது. எனவே 'தீங்குதரும் மாற்றம் உள்ளது', 'தீங்குதரும் மாற்றம் காணப்படவில்லை', 'பொருள் தெளிவுறாத மாற்றம் உள்ளது' என மூன்றாகக் கூறுதலே தக்கது. 'நோயில்லை' என்னும் தொடர் எம்முடிவிலும் இடம்பெறலாகாது; இச்சோதனை அதனை ஆராய்வதில்லை.

முடிவுரை

வாய்ப்பை முன்னறிவதன் பயன், செயலுக்கு இடந்தருவதில் உள்ளது. தீங்குதரும் மாற்றமுடைய பெண்களுக்கு ஆண்டுதோறும் காந்த ஒத்ததிர்வுப் படப் பரிசோதனை, குழந்தைப்பேறு முடிந்தபின் சூலகத்தையும் கருக்குழாயையும் அகற்றல் போன்ற வழிகள் உள்ளன. எதனைத் தேர்வது என்பது அப்பெண்ணின் முடிவு. அம்முடிவுக்கு அடிப்படையாவது, குறிப்பான் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்னும் தெளிவு. மரபணு ஆலோசனை தமிழில் நடைபெறும் இடங்களில் அத்தெளிவைத் தரும் சொற்களை உருவாக்குவது அறிவியல் துறையினரும் தமிழ்த் துறையினரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.