பழைய மோட்டார் வண்டிகளும் மாற்றுக் குளிர்வாயுக்களும்

கோடை நண்பகலில் கதவுகளை அடைத்துக்கொண்டோடும் மோட்டார் வண்டியினுள்ளே குளிர்ந்த காற்று வீசுவதை நாம் வியப்பின்றி அனுபவிக்கின்றோம். அக்குளிர்ச்சியைப் பயப்பது குழாய்களினூடே சுற்றிவரும் ஒரு வாயுவேயாம். அவ்வாயு கிடைத்தற்கு அரிதாய்விடின் பழைய வண்டியுடையார் யாது செய்வது? இவ்வினா 1990-களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரிதும் எழுந்தது. பழம்வண்டிகளைப் பேணுவோரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். திரவம் ஆவியாகுங்கால் சூழவுள்ள வெப்பத்தைக் கவரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. வண்டியிலுள்ள கம்ப்ரஸர் ஆவியை அமுக்கிச் சூடேற்றும். முன்புறத்துக் கண்டென்ஸரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து திரவமாகும். பின்னர்க் குறுகிய வாயிலொன்றிற் பாய்ந்து, அமுக்கம் குறைந்து, பயணிகளின் முன்னே மறைந்திருக்கும் குளிர்ச்சுருளில் மீண்டும் ஆவியாகும்.

இத்தொழிலை நெடுங்காலம் செய்துவந்தது ஆர்-12 என்னும் வாயு. 1928-ல் இதனைக் குளிர்பதனத்திற்கு உகந்ததெனத் தேர்ந்தவர் தாமஸ் மிட்ஜ்லியும் அவரோடு உழைத்தோருமாவர். பெட்ரோலில் ஈயச்சேர்க்கையைப் புகுத்தியவரும் இம்மிட்ஜ்லியே என்பது நினைக்கத்தக்கது. ஆர்-12 எரியாது, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. ஆயினும் அதிலுள்ள குளோரின் மேல்வானத்து ஓசோனை அழிக்குமென்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974-ல் எடுத்துக்காட்டினர். 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. 1995-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் புதிய ஆர்-12 செய்வது நின்றது.

அதன் இடத்தை ஏற்றது ஆர்-134ஏ. இதிற் குளோரின் இல்லை. ஆர்-12 பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 30 பாகை செண்டிகிரேடிற் கொதிக்கும். இதுவோ 26 பாகையளவிற் கொதிக்கும். இவ்வளவு நெருங்கிய இயல்புடைமையால், பழையதை நீக்கிப் புதியதை நிரப்பினாற் போதுமென்று பலர் எண்ணினர். கம்ப்ரஸர் பல பழுதுற்றதற்கு அவ்வெண்ணமே காரணம்.

ஏனெனில், குழாயிற் சுற்றுவது வாயு மட்டுமன்று. கம்ப்ரஸரை வழுவழுப்பாக வைத்திருக்கும் எண்ணெயும் அதனுடன் சுற்றுகின்றது. பழைய வண்டிகளில் இருந்தது கனிம எண்ணெய். அது ஆர்-12-இற் கரைந்து உடன்சென்று உடன்மீளும். ஆர்-134ஏ-யிலோ அது கரையாது. ஆதலின் எண்ணெய் குளிர்ச்சுருளிலும் குழாய் வளைவுகளிலும் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு தேய்ந்து இறுகிப்போகும். புதிய வாயுவிற்கென அமைந்த பாக் எண்ணெய் உண்டெனினும், பழைய அமைப்பில் எஞ்சிய குளோரின் அதனைக் கெடுக்கக்கூடும். அன்றியும் அது காற்றின் ஈரத்தை விரைந்து பருகும். எனவே எஸ்டர் எண்ணெயையே பலர் விரும்புவர். ஈரம் உறிஞ்சும் பொருளடங்கிய டிரையரையும் புதிய வாயுவிற்கு ஏற்றதாக மாற்றுதல் நன்று.

இரப்பர்க் குழாய்களைப்பற்றிய அச்சம் ஓரளவு மிகையேயாம். புதிய வாயு அவற்றின் வழியே கசிந்தொழியுமென்று அஞ்சினர். பழுதற்ற பழங்குழாய்களிலோ எண்ணெய் ஊறித் தானே தடையாய் நிற்பதாக ஆய்வில் தெரிந்தது. அமுக்கத்தைப்பற்றிய அச்சமோ மெய்யானது. 60 பாகை வெப்பத்தில் ஆர்-134ஏ-யின் அமுக்கம் ஆர்-12-இனதைவிட ஏறத்தாழப் பத்திலொரு பங்கு மிகும். வண்டி நெரிசலில் நிற்குங்கால் கண்டென்ஸரிற் காற்றோட்டம் குன்றுதலின் குளிர்ச்சியும் குன்றும். இதுபற்றியே பழைய அளவில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கே நிரப்புவர்.

மலிவை நாடிப் புரொப்பேன், ஐசோபியூட்டேன் ஆகியவற்றின் கலவையை நிரப்புவோரும் உளர். அது நன்கு குளிர்விக்கும். கனிம எண்ணெயோடும் இணங்கும். அன்றியும், ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காதாயினும் 100 ஆண்டுக் கணக்கிற் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கவல்லது. இக்கலவைக்கோ அக்குறை மிகச் சிறிது. இவ்வளவும் உண்மையே. ஆயினும் குளிர்ச்சுருள் இருப்பது பயணிகளின் முழங்காலருகே. ஆங்குக் கசிந்த வாயு அடைத்த வண்டியினுள் திரண்டால் ஒரு தீப்பொறி போதும். எரியா வாயுவை எண்ணி அமைத்த பழைய வண்டியில் அதனைத் தாங்கும் காப்பு ஏதும் இல்லை. ஆர்-12 வண்டிகளில் இதனைப் பயன்படுத்துதலை அமெரிக்கச் சட்டம் விலக்கியுள்ளது. வீட்டுக் குளிர்ப்பெட்டிகளில் ஐசோபியூட்டேன் இருக்கின்றதே எனின், அது சில பத்துக் கிராம் அளவினது. அக்கருவியும் அதற்கெனவே செய்யப்பெற்றது.

வாயு எதுவாயினும், முன்னிருந்ததை உரிய கருவியால் முற்றும் வாங்கிய பின்னரே மற்றொன்றை ஏற்றுதல் வேண்டும். இரண்டுங் கலப்பின் அமுக்கம் தனித்தனியே இருப்பதினும் மிகும். அக்கலவையை அறியாது வாங்கும் பணிமனையின் சேமிப்பும் முழுதுங் கெடும். இதனாலன்றோ அமெரிக்காவில் ஒவ்வொரு வாயுவிற்கும் வெவ்வேறு இணைப்பு வாய்கள் விதிக்கப்பெற்றன. வாயுவின் பெயரும், நிரப்பிய அளவும், எண்ணெயின் வகையும், மாற்றிய நாளும் குறித்த சீட்டொன்றும் பானெட்டின் அடியில் ஒட்டப்பெறுகின்றது. பின்னாளில் அவ்வண்டியைத் திறக்கும் தொழிலாளி முதலில் தேடுவது அச்சீட்டையே.