சிகாகோவில் மணந்த நம் கொழுந்து

1884இல் இலங்கையின் நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ரயில் வந்தது. அதன்பின் மலையகத் தேயிலை கொழும்புத் துறைமுகத்தை எட்டுவது எளிதானது. அமெரிக்காவிலோ ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி மின்விளக்குகளால் ஜொலித்தது. உலகின் முதல் பெர்ரிஸ் ராட்டினமும் அங்கேதான் சுழன்றது. அதே திடலில் இலங்கைக்கும் ஒரு தனி மண்டபம். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். சுமார் 10 லட்சம் தேயிலைப் பொதிகள் விற்றுப்போயின! இதைப் பற்றிய பதிவுகளில் துரைமாரின் பெயர்கள்தான் மிகுதி. ஆனால் அடை மழையிலும் அட்டைக்கடியிலும் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள், தமிழகத்திலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார். பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.