வண்டலூருக்கு யார் வந்திருக்கிறார்கள்?

ஏரிக்கரைப் பக்கம் - 14

பெரிய லீவு விட்டால் செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை, பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது இரண்டு இடங்களைத்தான். ஒன்று மெரினா, இன்னொன்று வண்டலூர். மெரினாவுக்கு நகரத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். வண்டலூருக்கு அந்தப் பாடு இல்லை. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறினால் குன்றத்தூர்ப் பக்கமாகப் போய், மண்ணிவாக்கம் தாண்டி பூங்காவுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை நம் ஏரிக்கரையின் பக்கத்து வீடு என்றே நான் சொல்வேன்.

போன வாரம், அழைக்காமலே நம் ஏரிக்கு வரும் கூழைக்கடாக்களையும் நாரைகளையும் பார்த்தோம். இந்த வாரம், மனிதர்கள் அழைத்து வருகிற விலங்குகள்.

வண்டலூர் பற்றிச் செய்தி வந்தால் பெரும்பாலும் குட்டி ஏதாவது பிறந்திருக்கும், இல்லையென்றால் எங்கிருந்தோ புதிதாக ஒன்று வந்து இறங்கியிருக்கும். படம் போடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அள்ளும். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் செய்திகளில் கேட்கப்படாமல் போகிற கேள்விகள் சில உண்டு. அந்தக் குட்டி எதற்காகப் பிறக்க வைக்கப்பட்டது? வந்த விலங்குக்கு ஈடாக இங்கிருந்து எது போனது? வந்தது இந்த இடத்துக்குப் பழகிவிட்டதா?

சென்னைக்கு விலங்குகளை அழைத்து வரும் வழக்கம் பழையது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்டு, ஆற்காடு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி அங்கேயே காட்சி சாலையைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கம் கம்பிக்கூண்டில் சிங்கம் பார்த்த ஞாபகம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் இருக்கும். இடம் போதாமல் வண்டலூர் காப்புக்காட்டில் 1979இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். இப்போது பரப்பு 602 ஹெக்டேர். கம்பிக்குப் பதில் அகழி, சிமெண்டுத் தரைக்குப் பதில் மண்ணும் மரமும்.

அன்றுபோல இன்று யாரும் நினைத்தபடி விலங்கு கொண்டுவந்துவிட முடியாது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்த பிறகு, ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு விலங்கு போக ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நடப்பது பெரும்பாலும் விலங்குக்கு விலங்கு பரிமாற்றம். அனுமதி கிடைத்தாலும் உடனே லாரியில் ஏற்றிவிட மாட்டார்கள். பயணக் கூண்டை முன்கூட்டியே விலங்கின் இருப்பிடத்தில் வைத்து, அதற்குள்ளேயே தீனி போட்டுப் பழக்க வேண்டும். தானாக உள்ளே போய்வரும் அளவுக்கு அச்சம் தெளிந்த பிறகே கதவை மூடுவது. கால்நடை மருத்துவரும் பராமரிப்பாளரும் கூடவே வருவார்கள். வந்து சேர்ந்ததும் தனிமைக் காலம். சாணத்தைச் சோதித்து, தீனி எடுக்கிறதா என்று பார்த்து, மற்ற விலங்குகளின் வாடையே படாமல் வைத்திருப்பார்கள். நாம் பார்க்கும் ‘புதுவரவு’ இதையெல்லாம் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது.

அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை என்பதற்கு அண்மைச் சாட்சி ஷெரியார் என்ற ஆண் சிங்கம். பெங்களூருவின் பன்னேர்கட்டாவிலிருந்து 2023இல் பரிமாற்றத்தில் வந்தது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் சஃபாரிப் பகுதியில் திறந்துவிட்டபோது, மாலையில் இரவுக் கூண்டுக்குத் திரும்பவில்லை. சிங்கத்தைக் காணோம் என்று ஊரெல்லாம் பேச்சு. வேலிக்குள்ளேயேதான் இருந்தது. டிரோன் விட்டுத் தேடினார்கள், சில நாளில் இருப்பிடம் திரும்பியது. சிங்கம் தப்பிவிட்டதாகப் பரப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. புது இடத்துச் செடிகொடிக்குள் திரியக் கிடைத்த ஒரு விலங்கு உடனே கூண்டுக்குள் வர மறுத்தது, அவ்வளவுதான். மாலையானால் கூண்டில் தீனி இருக்கும் என்பதை விலங்கு கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்துக்கு நாள் பிடிக்கும்.

சிங்கங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றை ஆட்டுவிப்பதை மத்திய அரசு 1998இல் தடை செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெருவில் விட முடியாத அந்த விலங்குகளுக்காக நாட்டில் சில மீட்பு மையங்கள் உருவாயின. அவற்றில் ஒன்று வண்டலூரில். சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆப்பிரிக்க இனமும் கிர் காட்டு இனமும் கலந்தவை. அதனால் அவற்றை இனம் பெருக விடுவதில்லை. உணவும் மருந்தும் கொடுத்துக் கடைசிவரை காப்பது மட்டுமே. எந்தப் பத்திரிகையும் படம் போடாத வரவுகள் இவை. நான் மிகவும் மதிக்கும் வரவுகளும் இவைதான்.

2021இல் கொரோனா இந்தப் பூங்காவையும் விடவில்லை. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று ஒன்பது வயது நீலா இறந்தது. ஜூன் 16 அன்று பன்னிரண்டு வயது பத்மநாபன். போபாலில் ஆய்வு செய்தபோது, நம்மை வாட்டிய அதே டெல்டா வகைதான் என்று தெரிந்தது. மனிதரிடமிருந்து விலங்குக்கு நோய் போகும் என்பதை நம் பக்கத்து வீட்டிலேயே பார்த்துவிட்டோம். அப்படியும் வேலியோரம் நின்று துப்புகிறவர்களைப் பார்க்கிறேன்.

இப்போது பிறப்புகள். வண்டலூரில் அதிகம் கொண்டாடப்படுவது வெள்ளைப் புலிக்குட்டி. அனு என்ற வெள்ளைப் புலியை நடிகர் சிவகார்த்திகேயன் தத்தெடுத்தபோது அதன் புகழ் இன்னும் கூடியது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று ரசித்தவன்தான். ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. நிறத்தைத் தரும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம், அவ்வளவே. 1951இல் ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங் காட்டில் பிடித்த மோகன் என்ற குட்டியை, பிற்பாடு அதன் சொந்த மகளான ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகக் காட்சி சாலைகளில் நிற்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நிறத்தைக் காப்பாற்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததில் மாறுகண்ணும் வேறு பல ஊனங்களும் வந்தன. காட்டுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. இருக்கும் வெள்ளைப் புலிகளை அன்போடு வைத்துக்கொள்வோம், மேலும் பெருக்குவது வேண்டாம் என்பதே என் கருத்து.

எந்தப் பிறப்பைக் கொண்டாடலாம்? சிங்கவால் குரங்கின் பிறப்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட காடுகளில் இன்றும் தாக்குப்பிடித்து நிற்கிறது. காட்டில் மிச்சமிருப்பவை சில ஆயிரம்தான். ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி, வயிற்றில் ஏறத்தாழ ஐந்தரை மாதம், அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு. ஒவ்வொரு பிறப்பும் கணக்கில் வருவது இதனால்தான். இந்த இனத்தைக் காப்பிடத்தில் பெருக்கும் தேசியத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்புப் பூங்கா நம் வண்டலூர். எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேரலாம், எது எதற்கு உறவு என்று வம்சக் கணக்கு வைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். வெள்ளைப் புலி விஷயத்தில் நடந்ததற்கு நேர் எதிரான வேலை இது. குட்டி பிறக்கும்போது உடல் கறுப்பாகவும் முகம் வெளுத்த இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அதன் பிறகே முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி வளர்கிறது. தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்க்கப் பொறுமையாக நிற்க வேண்டும்.

காட்சிகளில் நான் பரிந்துரைப்பது இரவு விலங்குகள் இல்லம். பகலில் மங்கிய வெளிச்சம் வைத்து, இரவில் விளக்கேற்றி, அவற்றின் நாளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இரவில் நடமாடும் விலங்கை நாம் பகலில் விழிப்போடு பார்க்க முடிவது அதனால்தான். நம் தேவாங்கும் அப்படிப்பட்ட இரவு விலங்குதான். மருந்துக்கென்றும் குறி சொல்லவென்றும் பிடித்துத் துன்புறுத்தப்பட்ட பிராணி அது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம்.

குட்டி பிறந்த செய்தி ஏன் தாமதமாக வருகிறது என்று சிலர் கேட்கிறார்கள். ஈன்ற புலி தொந்தரவு பட்டால் குட்டியைக் கைவிடும், சில சமயம் கொன்றும்விடும். அதனால் முதல் வாரங்களில் ஆள் நடமாட்டத்தையே குறைத்து, கேமரா வழியாகப் பார்ப்பார்கள். தாமதமாக வரும் செய்தியை நல்ல பராமரிப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலி எழுந்திருக்கவில்லை என்று கல் எறியாதீர்கள், கத்தாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் வாங்கும் காசில் ஒரு பங்கை பூங்காவின் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு பறவைக்கோ குரங்குக்கோ கட்டலாம். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கினாலும் பூங்கா பக்கம்தான். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

(தொடரும்)