சில்லுக்குள் ஓடும் ஒளி

செம்புக் கம்பியில் தகவல் வேகம் கூடக் கூட வெப்பமாக வீணாகும் மின்சாரமும் கூடுகிறது. அதனால்தான் தகவலைக் கடத்த ஒளியை நாடுகிறோம்.

சில்லுக்குள் ஒளியை ஓட்டுவது எப்படி? நம் கண்ணுக்கு ஒளிபுகாத சிலிக்கான், 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்குக் கண்ணாடி மாதிரி. தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய சிலிக்கான் வரப்பைச் சுற்றி சிலிக்கான் டை ஆக்சைடு இருந்தால், ஒளி வெளியே சிந்தாமல் ஓடும். ஆனால், சிலிக்கான் தானாக நன்கு ஒளிராது. லேசரை இண்டியம் பாஸ்பைடு போன்ற பொருளில் செய்து இணைக்க வேண்டும்.

ஒரு நாடு இந்தத் தொழில்நுட்பத்தைக் கைவசப்படுத்துவது எப்படி? அமெரிக்கா 2015-இல் ‘எய்ம் ஃபோட்டானிக்ஸ்’ என்ற ஒளிச்சில்லு நிறுவனத்தைத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் உள்ள அதன் ஆலையில் 300 மி.மீ. சிலிக்கான் வட்டத்தகடு (வேஃபர்) ஒன்றிலேயே பல குழுக்களின் வடிவமைப்புகள் உருவாகின்றன. ஷேர் ஆட்டோ போலச் செலவைப் பங்கிடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறைக்கொரு மையம் உண்டு. தான் வரைந்த சில்லை மாணவர் கையில் ஏந்தும்போதுதான் ஒளிச்சில்லு வடிவமைக்கும் திறன் வேர்பிடிக்கும்.